கண்ணம்மா நடந்த வழி

புதுச்சேரியில் ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதி குடியிருந்த வீடு இருக்கிறது. அங்கிருந்து வைத்திக்குப்பம் கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். 1908-இல் பிரிட்டிஷ் போலீசிடமிருந்து தப்பி இந்தப் பிரெஞ்சு ஊருக்கு வந்த மனிதர் பத்து வருஷம் இங்கேயே இருந்தார். எல்லையைத் தாண்டினால் கைது. போகுமிடமெல்லாம் ஒற்றர்கள். கையில் காசு நின்றதில்லை. இங்கிருந்து நடத்திய 'இந்தியா' பத்திரிகையும் 1910-இல் நின்றுபோனது. மிச்சமிருந்தவை கடலும் பாட்டும்தான். அந்த வருஷங்களில்தான் மாடு மேய்த்த கண்ணன் இந்த ஊரில் பெண்ணாகப் பிறந்தான். பெயர் கண்ணம்மா.

இன்றைக்குக் கண்ணம்மா என்றால் சினிமாப் பாட்டு, சீரியல், வாட்ஸாப் ஸ்டேட்டஸ். அவள் முதலில் ஆணாக இருந்தவள் என்பது பாதிப் பேருக்கு மறந்துவிட்டது, மீதிப் பேருக்குத் தெரியவே தெரியாது. "செல்லம்மாவை நினைச்சுத்தானே பாடினார்?" என்று கேட்பவர்கள் உண்டு. மனைவியை நினைக்காமலும் இருந்திருக்க மாட்டார். ஆனால் அவர் வெளியிட்ட புத்தகத்தின் பெயர் 'கண்ணன் பாட்டு'.

1917-இல் பரலி சு. நெல்லையப்பர் அதைச் சென்னையில் பதிப்பித்தார். பாட்டை எழுதியவர் சென்னைக்குப் போக முடியாதவர், பாட்டுதான் போயிற்று. மொத்தம் 23 பாட்டு. முதலில் கண்ணன் தோழன், பிறகு தாய், தந்தை, சேவகன், அரசன், சீடன், குரு, குழந்தை, காதலன், காந்தன், காதலி, ஆண்டான், கடைசியில் குலதெய்வம். ஒரே ஆளை இத்தனை உறவில் உட்கார வைத்துப் பார்க்கிற ஆசை பக்தனுக்கு மட்டும் உரியதில்லை. தனக்குப் பிடித்த கதாபாத்திரத்தை விட மனசில்லாத எந்த ரசிகனுக்கும் ரசிகைக்கும் வருவதுதான். இந்த ஹீரோ எனக்கு அண்ணனாக இருந்தால்? வேலைக்காரனாக வந்தால்? பெண்ணாக இருந்தால்? இப்படிக் கதையை இழுத்து எழுதுவதற்கு இன்று ஃபேன் ஃபிக்‌ஷன் என்று பெயர். பாரதி செய்ததும் கிட்டத்தட்ட இதே வேலை. நாயகன் தெய்வம், ரசிகர் மகாகவி, அவ்வளவுதான் வித்தியாசம்.

காதலி வரும்வரைகூட அவர் காத்திருக்கவில்லை. இரண்டாவது பாட்டிலேயே கண்ணன் தாயாகிவிடுகிறான். பெயர் கண்ணன்தான், ஆனால் பாட்டு முழுக்க அவள், அவள் என்றே போகிறது. பூமியை மடியாக்கி உட்கார வைத்துக் கதை சொல்கிறாள். நிலா, மழைமேகம், மலை, ஆறு, கடல் எல்லாம் அவள் பிள்ளைக்குக் கொடுத்த பொம்மைகள். எட்டாவது பாட்டில் கண்ணன் பெண் குழந்தை. அங்கேதான் கண்ணம்மா என்ற பெயர் முதலில் வருகிறது. பதினாறாவது பாட்டு தொடங்கி ஆறு பாட்டுக்கு அவள் காதலி. இருபத்து மூன்றாவதில் குலதெய்வம். ஆக, அவள் காதலியாக மட்டும் பிறந்தவள் அல்ல. சினிமாவுக்குப் பிடித்தது அந்த ஒரு வேஷம்தான்.

இதைப் பாரதி ஒன்றுமில்லாத இடத்திலிருந்து உண்டாக்கவில்லை. ஆழ்வார்கள் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இந்த ஆட்டத்தை ஆடிவிட்டார்கள், வேறு பக்கத்திலிருந்து. நம்மாழ்வார் திருவாய்மொழியின் நூறு பதிகங்களில் 27-ஐப் பெண் குரலில் பாடினார் என்று வைணவர்கள் கணக்குச் சொல்வார்கள்: மகளாக 17, தாயாக 7, தோழியாக 3. பெண்ணான நம்மாழ்வாருக்குப் பராங்குச நாயகி என்று பெயர். திருமங்கையாழ்வாருக்குப் பரகால நாயகி. ஆண்டாளுக்கு இந்தச் சிரமமே இல்லை, நேரே தன் குரலிலேயே கேட்டுவிட்டாள். அங்கே கண்ணன் கண்ணனாகவே இருக்கிறான்; அவனை நெருங்குவதற்காகப் பாடுகிறவர் பெண்ணாகிறார். பாரதியும் அந்த வழியில் போய்ப் பார்த்தவர்தான். 'கண்ணன் என் காதலன்' என்ற ஐந்து பாட்டுகளும் அதையடுத்த 'காந்தன்' பாட்டும் பெண் குரல். பிறகுதான் நாற்காலியைத் திருப்பிப் போட்டார். நான் ஏன் மாற வேண்டும், அவன் மாறட்டும்.

அவனும் மாறிப் பழகியவன்தான். ஸ்ரீரங்கத்தில் பகல்பத்துக் கடைசி நாளில் நம்பெருமாள் நாச்சியார் திருக்கோலத்தில், மோகினியாகத்தான் வருகிறார். புதுச்சேரியைச் சுற்றியுள்ள தென்னாற்காட்டு மண்ணில் இதைவிடப் பெரிய கதை ஒன்று உண்டு. பாரதப் போருக்குக் களப்பலியாகப் போகிற அரவான், ஒரு நாளாவது கல்யாணம் கட்டிப் பார்க்க வேண்டும் என்கிறான். மறுநாள் சாகப் போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கிருஷ்ணனே பெண்ணாகி வந்து தாலி கட்டிக்கொள்கிறான். சித்திரைப் பௌர்ணமிக்குக் கூவாகத்தில் கூத்தாண்டவர் கோயிலில் திருநங்கைகள் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுத்து அழுவது அந்தக் கிருஷ்ணனின் இடத்தில் நின்றுதான். புதுச்சேரிப் பகுதியில் பிள்ளையார்குப்பத்திலும் கூத்தாண்டவர் திருவிழா நடக்கிறது. கதாபாத்திரத்தின் பாலை ஏன் மாற்றுகிறார்கள் என்ற கேள்விக்கு அங்கே போனால் ஆய்வுக் கட்டுரை தேவைப்படாது. ஊர் சொல்கிற கதைகளில் தனக்கு ஒரு இடம் கிடைக்காதா என்று தேடுகிறவர்களுக்கு, கிருஷ்ணனே ஒரு ராத்திரி தங்களைப்போல இருந்தான் என்பது சின்ன விஷயமா?

ஒரு வித்தியாசம் மட்டும் இருக்கிறது. அரவானைக் கட்டிய கிருஷ்ணன் காரியம் முடிந்ததும் சேலையைக் களைந்துவிட்டுத் தேரோட்டப் போய்விடுகிறான். பாரதியின் கண்ணம்மா திரும்பிப் போகவில்லை.

வைத்திக்குப்பத்துக்கு வருகிறேன். மாசி மகத்தன்று இந்தக் கரை முழுக்கச் சாமிகள். மயிலம் முருகன், தீவனூர் பொய்யாமொழி விநாயகர், செஞ்சி ரங்கநாதர், மேல்மலையனூர் அங்காளம்மன், உள்ளூரிலிருந்து மணக்குள விநாயகர் என்று சுற்றுவட்டார மூர்த்திகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து பந்தலில் வரிசையாக நிற்கும். கோயிலில் ஒரு சாமியைப் பார்க்கக் கால் கடுக்க நிற்கிறவர்கள் இங்கே மணலில் நடந்தபடியே நூறு சாமியைப் பார்த்துவிடுகிறார்கள். பக்கத்திலேயே பஜ்ஜிக் கடை, பலூன், ராட்டினம், இடுப்பில் பிள்ளையோடு அம்மாக்கள். சாமியிடம் பேசுகிற தோரணையும் கோயிலில் இருக்கிற மாதிரி இருக்காது. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி இருக்கும். இதே புதுச்சேரி மாநிலத்தைச் சேர்ந்த காரைக்கால் பக்கம் திருமலைராயன்பட்டினத்தில் இன்னும் ஒரு படி மேலே. மாசி மகத்துக்குத் திருக்கண்ணபுரத்திலிருந்து சௌரிராஜப் பெருமாள் கடலாட வரும்போது மீனவர்கள் அவரை "மாப்பிள்ளை" என்றுதான் அழைக்கிறார்கள். தங்கள் குலத்துப் பெண் பத்மினியைக் கட்டியவர் என்பது ஐதீகம். கடலோரத்து ஜனங்களுக்குப் பெருமாள் வீட்டு மருமகன். பாரதி அதே உரிமையில் இன்னும் கொஞ்சம் அதிகம் எடுத்துக்கொண்டார்.

ஆனால் உறவை மாற்றுவதும் பாலை மாற்றுவதும் ஒன்றல்ல. பாலை மாற்றினால் கதையில் ஒரு கணக்கு இடம் மாறுகிறது: யார் காத்திருப்பது?

இரண்டு பாட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கண்ணன் காதலனாக வரும் முதல் பாட்டில் ஒரு பெண் உருகிக்கொண்டிருக்கிறாள். தூண்டிலில் மாட்டிய புழுவாகத் துடிக்கிறேன் என்கிறாள். சோறு இறங்கவில்லை, பால் கசக்கிறது, மெத்தை நோகிறது, கிளி பேசினால் காது வலிக்கிறது, வைத்தியர் கையை விரிக்கிறார். சங்க இலக்கியத்திலிருந்து தமிழ்ப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட வேலை இது. ஆண் வரமாட்டான், பெண் வளையல் கழல இளைப்பாள். கண்ணம்மா காதலியாக வரும் பாட்டுகளில் ஐந்தாவது, 'குறிப்பிடம் தவறியது'. இதில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனவள் அவள். குளக்கரையில், செண்பகத் தோட்டத்தில், நிலா வெளிச்சத்தில் நின்று நெஞ்சு அடித்துக்கொள்கிறவன் ஆண். மேனி கொதிக்கிறது, தலை சுற்றுகிறது, உலகமே தூங்குகிறது, நான் ஒருவன் மட்டும் நரகத்தில் கிடப்பதா என்று புலம்புகிறான். வியாதி அதேதான், நோயாளி மாறிவிட்டான்.

கண்ணனைப் பெண்ணாக்கியதால் பாரதிக்குக் கிடைத்தது இது என்றே நினைக்கிறேன். மீசை வைத்த, தலைப்பாகை கட்டிய, வெள்ளைக்காரனுக்கு அடங்காத ஓர் ஆண், தான் பெண்ணாக வேஷம் போடாமலே அழ முடிந்தது. ஆழ்வார்களுக்கு அழுவதற்குச் சேலை வேண்டியிருந்தது. இவருக்கு வேண்டியிருக்கவில்லை.

எனக்குப் பிடித்தது அந்த வரிசையில் இரண்டாவது பாட்டு, 'பின்வந்து நின்று கண் மறைத்தல்'. மாலை நேரம், உயரமான ஒரு இடத்தில் உட்கார்ந்து ஒருவன் கடலையும் வானத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறான். எந்தக் கடல் என்று பாட்டில் இல்லை. எழுதியவர் அந்த வருஷங்களில் தினமும் பார்த்த கடல் இது, வைத்திக்குப்பத்திலும் அலையடிக்கிற இதே கடல். பின்னாலிருந்து யாரோ வந்து அவன் கண்ணைப் பொத்துகிறார்கள். கையைத் தொட்டதிலும், பட்டுச் சேலையின் வாசனையிலும், யார் என்று தெரிந்துபோகிறது. கையை எடு, என்னிடமா உன் மாயம் என்கிறான். அவள் சிரிக்கிறாள். அவன் கையை விலக்கியதும் ஒரு கேள்வி கேட்கிறாள்: இந்த அலையில் என்ன கண்டாய், நுரையில் என்ன கண்டாய், தினம் தினம் மேகத்தை அளந்துகொண்டிருக்கிறாயே, கைக்கு என்ன கிடைத்தது?

வருமானம் இல்லாமல் கடலோரம் உட்கார்ந்திருக்கும் எந்தக் கவிஞனின் வீட்டிலும் கேட்கப்பட்டிருக்கக்கூடிய கேள்விதான். ஆனால் கேட்பவள் மேகத்தைப் படைத்தவள். பின்னால் வந்து கண்ணைப் பொத்துவது கோகுலத்துப் பையனின் சேஷ்டை, மாயம் என்ற குற்றச்சாட்டும் அவன் மேல் பழையது. அவன் பெண்ணானபோது அந்தக் குறும்பும் கூடவே வந்திருக்கிறது. கண்ணனும் தெரிகிறான், கண்ணம்மாவும் தெரிகிறாள். ரசிகர்கள் இப்படி எழுதும்போது தேடுகிற ருசி இந்த இரண்டும் ஒன்றாகத் தெரிவதில்தான் இருக்கிறது.

எல்லாப் பாட்டிலும் அது கைகூடவில்லை. அடுத்த இரண்டு பாட்டுகளில் ஒன்று முகத்திரையை விலக்கச் சொல்வது, இன்னொன்று வெட்கத்தால் கண்ணைப் பொத்திக்கொள்வது. இங்கே கண்ணம்மாவிடம் கண்ணனின் சாயல் ஒரு துளி கிடையாது. வெட்கப்படும் பெண், வற்புறுத்தும் ஆண். யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். தெருவில் போகிற பெண்களையெல்லாம் வம்பிழுத்த பிள்ளையைப் பற்றி இதே புத்தகத்தில் ஒரு பாட்டு இருக்கிறதே, அந்தப் பிள்ளையா பெண்ணாகப் பிறந்ததும் நாணிக் கோணி நிற்கும்? இதைக் குறையாகச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான், பாட்டு அவ்வளவு அழகு. ஆனாலும் குறைதான்.

இன்று ஃபேன் ஃபிக்‌ஷன் எழுதுகிறவர்களுக்குள்ளும் இந்தச் சண்டை ஓயாமல் நடக்கிறது. அமெரிக்காவில் 'ஸ்டார் ட்ரெக்' தொடருக்காக 1967-இல் ரசிகைகள் கையால் தயாரித்த 'ஸ்பாக்கனேலியா' இதழ்தான் இந்த வகை எழுத்துக்குத் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று. அப்போதிருந்து எழுதுவோரில் பெண்கள் அதிகம். அவர்கள் ஆண் பாத்திரத்தைப் பெண்ணாக்குவதற்கு முதல் காரணம் எளிமையானது: விண்கலம் ஓட்டுகிறவன், துப்பறிகிறவன், வாள் வீசுகிறவன் எல்லாம் ஆண். தனக்குப் பிடித்த வேலையைச் செய்கிற பெண் மூலக் கதையில் இல்லையென்றால், செய்கிறவனைப் பெண்ணாக்கு. தொலைக்காட்சிக்காரர்களும் பின்னால் வந்து சேர்ந்துகொண்டார்கள். 2012-இல் தொடங்கிய 'எலிமென்டரி' தொடரில் ஷெர்லக் ஹோம்ஸின் வாட்சன் பெண், நடித்தவர் லூசி லியூ. இப்படி மாற்றிய பிறகு அந்தப் பெண்ணுக்கு நீள முடியும் வெட்கமும் கொடுத்துப் பழைய ஆளைக் காணாமல் அடித்துவிட்டார்கள் என்ற புகார் ரசிகைகளிடமிருந்தே வரும். நான் 'நாணிக் கண் புதைத்தல்' பற்றிச் சொன்ன அதே புகார்.

நம் ஊர்க் கதையில் வைத்துப் பார்த்தால் விஷயம் இன்னும் துலக்கமாகத் தெரியும். 'பொன்னியின் செல்வன்' தொடக்கத்தில் வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் தனியாகக் குதிரையில் வருகிறான். கூட்டத்தை வேடிக்கை பார்க்கிறான், கண்டவரிடம் பேச்சுக் கொடுக்கிறான், ராத்திரி அழையா விருந்தாளியாகக் கடம்பூர் மாளிகையில் நுழைந்து படுக்கிறான். அவனைப் பெண்ணாக்குங்கள். வாள் வீச்சு, வாய்த்துடுக்கு, பசி எதையும் மாற்ற வேண்டாம். முதல் அத்தியாயத்திலேயே ஏரிக்கரையில் நாலு பேர் "தனியாவா வந்தே?" என்று கேட்பார்கள். கடம்பூர் வாசலில் கதை நின்றுவிடும். அவளை உள்ளே நுழைப்பதற்குக் கல்கி எழுதாத ஐந்து அத்தியாயம் நீங்கள் எழுதியாக வேண்டும். ஆணாக இருந்ததால் அவனுக்கு இலவசமாகக் கிடைத்தவை என்னென்ன என்ற கணக்கு அப்போதுதான் வெளியே வருகிறது. நல்ல எழுத்து பிறப்பது அந்த ஐந்து அத்தியாயத்தில்தான்.

கண்ணம்மாவின் பயணத்துக்குத் திரும்பலாம். 1918 நவம்பரில் பாரதி புதுச்சேரியை விட்டுக் கிளம்பினார். எல்லை தாண்டியதும் கைதாகிக் கடலூர்ச் சிறையில் சில வாரம் இருந்தார். 1919-இல் 'கண்ணன் பாட்டு' இரண்டாம் பதிப்பு வந்தது, முன்னுரை வ.வெ.சு. ஐயர். புதுச்சேரியில் உடனிருந்த அகதி, கம்பனைக் கரைத்துக் குடித்தவர். நாயக நாயகி பாவம் என்ற பழைய சரக்கில் இவர் என்ன புதிதாகச் செய்திருக்கிறார் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? 1921-இல் பாரதி போய்விட்டார்.

பிறகு கண்ணம்மா சொத்தானாள். பாரதி பாட்டுகளின் ஒலிபரப்பு, திரைப்பட உரிமை கைமாறிக் கைமாறி ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் 1948-இல் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டு ஒன்றைச் சேர்த்தபோது வழக்கு வந்தது. எந்தப் பாட்டு தெரியுமோ? அந்தத் தூண்டில் புழுப் பாட்டுதான். கண்ணனுக்காக உருகும் பெண் கோர்ட் வாசலுக்குப் போனாள். பாரதியை ஒருவர் பெட்டியில் பூட்டுவதா என்று எழுத்தாளர்கள் குரல் எழுப்ப, 1949-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் அரசு உரிமையை எடுத்துக்கொண்டது. மெய்யப்பன் பணம் வாங்காமலே விட்டுக்கொடுத்தார். 1955-இல் பாட்டெல்லாம் மக்களுக்குப் பொதுவாயின. மற்ற நாட்டு ரசிகர்கள் பின்னாளில் பதிப்புரிமைக்காரனுக்குப் பயந்து ஒளிந்து எழுதினார்கள்; இங்கே கண்ணம்மாவை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஓர் அரசே கதவைத் திறந்துவிட்டது.

எடுத்துக்கொண்டார்கள். 1951-இல் 'மணமகள்' படத்தில் குழந்தைக் கண்ணம்மா எம்.எல். வசந்தகுமாரி குரலில் ராகமாலிகையாக வந்தாள். இன்று கச்சேரிகளில் பாடப்படும் மெட்டு அதுதான், பாரதி குறித்து வைத்த பைரவி ராகம் எங்கோ போய்விட்டது. 1980-இல் 'வறுமையின் நிறம் சிவப்பு' படத்தில் குறிப்பிடம் தவறினாள். 2000-இல் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படத்தில் ஹரிஹரன் குரலில் அவள் கண்கள் சூரிய சந்திரராயின. அதற்கப்புறம் பாரதி வரியே வேண்டியிருக்கவில்லை, பெயர் போதும். 'றெக்க' படத்தில் ஒரு கண்ணம்மா, 'காலா' படத்தில் ஒரு கண்ணம்மா. கண்ணன் முழுக்கக் கழன்றுவிட்டான். இவ்வளவு வெற்றி பெற்ற பால் மாற்றம் வேறு எந்த மொழியிலாவது உண்டா என்று எனக்குச் சந்தேகம்தான்; மூலப் பாத்திரம் யார் என்பதையே மாற்றம் விழுங்கிவிட்டது. அதில் லாபமா நஷ்டமா என்றால் நான் நஷ்டப் பக்கம். குறும்பு போய்விட்டதே.

இதற்கிடையில் பாரதியே பாத்திரமானார். 1997-இல் சேரனின் முதல் படம் 'பாரதி கண்ணம்மா'. பார்த்திபன் பாரதி, மீனா கண்ணம்மா. நடுவில் நின்றது சாதி. 2019-இல் விஜய் டிவியில் அதே பெயரில் சீரியல். இதில் பாரதி டாக்டர், சந்தேகப் பிராணி. வயிற்றில் பிள்ளையோடு கண்ணம்மா தோளில் பையை மாட்டிக்கொண்டு வீட்டை விட்டு நடக்க ஆரம்பித்தாள். எபிசோட் எபிசோடாக நடந்துகொண்டே இருந்தாள். பார்த்த ஜனங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மீம்ஸ் போடுகிற பையன்களும் பெண்களும் அவளை வெட்டி எடுத்து, அந்தப் பையோடேயே, வெளிநாட்டுச் சாலைகளிலும் கிரிக்கெட் மைதானத்திலும் நிலாவிலும் நடக்க விட்டார்கள். இயக்குநர் அழச் சொன்ன பெண்ணை ஊரே சேர்ந்து நினைத்த இடத்தில் தோன்றுகிறவளாக ஆக்கிவிட்டது. அந்த வித்தை ஒரு காலத்தில் யாருடையது என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்குமோ. டாக்டர் பாரதிக்குக் கடைசியில் டி.என்.ஏ. சோதனை முடிவு கைக்கு வந்தது. அப்புறம் அவன்தான் அவள் பின்னால் அலைந்தான்.